குழாயின் வயிற்றைக் கேட்கும் பெட்டி

பல்கலைக்கழகத்து நிலவறை ஆய்வகத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து பேராசிரியை செய்த பெட்டிக்குக் காது ரொம்பக் கூர்மை. குழாய்க்குள் ஓர் எறும்பு தும்மினால், எந்தக் காலை ஊன்றிக்கொண்டு தும்மியது என்பதுவரை சொல்லிவிடும். ஒரு நாள் மூன்றாம் மாடியில் துறைத்தலைவர் பசியில் வயிறு உறும உறுமக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். நிலவறையில் இருந்த பெட்டி 'நடுத்தர ஒழுகல், உடனே கவனிக்கவும்' என்று சிவப்பு விளக்கைப் போட்டது. அவர் சாப்பிடப் போனதும் விளக்கு பச்சையானது. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இரண்டு பேர் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர்கள்.

பெட்டி பார்ப்பதற்குச் சாப்பாட்டு டப்பா மாதிரிதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு பித்தளை வில்லை. வில்லையைக் குழாயின் மேல் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். தெருவைத் தோண்டாமலே, கிட்டத்தில் ஒழுகல் இருக்கிறதா இல்லையா என்று நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கில் சொல்லும். ஆய்வகத்தில் நூறு தடவை கேட்டால் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொன்னது. ஒரு தடவை தவறியதும் மின்சாரம் போனதால்தான்.

பெட்டி தெருவுக்கு வந்த நாளில்தான் பேராசிரியையின் மானம் கப்பலேறப் பார்த்தது.

தெரு ஒன்றும் பெரியதில்லை. இந்த முனையில் ஒரு சலவைக்கடை, நடுவில் மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு பல் மருத்துவர், அந்த முனையில் ஓர் அச்சகம், இடையில் ஆறு மாடிக் குடியிருப்புகள். பத்து வாரமாகத் தண்ணீர் நூலாய் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடிக்காரர் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுச் சவரம் செய்துகொள்ளப் போனால், வாளி நிறைவதற்குள் தாடி மறுபடி வளர்ந்திருக்கும். எங்கேயோ தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

நீர் அலுவலகத்து அதிகாரி அதைக் கண்டுபிடிக்க ஏழு குழிகள் தோண்டியிருந்தார். ஏழும் உலர்ந்த குழிகள். அவருக்குக் கடப்பாரை என்று பட்டப்பெயர். எந்தப் பிரச்சினையானாலும் தோண்டிப் பார்த்துவிடுவோம் என்பார். அவருக்குத் தலைவலி என்றால் வீட்டில் முதல் காரியமாகச் சுத்தியலை எடுத்து ஒளித்துவைப்பார்கள்.

அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஒப்பந்தம். ஒரே ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை தெரு பேராசிரியைக்கு. பெட்டி ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டால் நகரத்துத் தெரு எல்லாவற்றுக்கும் அந்தப் பெட்டிதான் போகும். இல்லையென்றால் நான்கு மணிக்குக் கடப்பாரை தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வாழைப்பழம் உரிப்பதுபோல உரித்துவிடுவார். பெட்டி பல்கலைக்கழகத்துச் சாமான் அறையில் பதினான்காம் தட்டுக்குப் போய்விடும். அந்த அறையில் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. பதின்மூன்றாம் தட்டில் தானாக விரியும் குடை இருக்கிறது. விரிந்தது, மூடத்தான் இல்லை. பதினைந்தில் ஆளைப் பார்த்தால் வணக்கம் சொல்லும் கதவு. வணக்கம் சொன்னது, திறக்கத்தான் இல்லை. முன்யோசனைக்காரரான துறைத்தலைவர், பதினான்காம் தட்டுக்குச் சீட்டு அச்சடித்து ஒட்டியே வைத்துவிட்டார்.

பேராசிரியையோடு தெருவுக்கு வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் ஆய்வகத்து மெக்கானிக். எல்லாரும் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக நிலவறையிலேயே இருந்ததால் வெயிலைப் பார்த்தால் யாரோ தெரிந்தவரைப் பார்த்ததுபோலச் சிரிப்பார். ஊரிலேயே அவர் பயப்படுகிற ஒரே ஆள் அவருடைய மாமனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பெரியவர் போன் பண்ணி, மகள் எப்படி இருக்கிறாள் என்று கடைசியாகத்தான் கேட்பார்.

இன்னொருவர் பேராசிரியையின் நாத்தனார். கணவருடைய தங்கை. அதே பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் துறை. பொறியியல் கட்டடத்திலிருந்து அந்தத் துறைக்குப் போகும் நடைக்கூடம் அவ்வளவு நீளம், இந்தப் பக்கத்தில் உதவிப் பேராசிரியராகக் கிளம்பியவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பதவி உயர்வு வந்துவிடும். அதனாலேயே இரண்டு துறையும் பேசிக்கொள்வதில்லை. இந்த வருடம்தான், இயந்திரம் செய்கிறவர்கள் மனிதர்களைப் படிக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வேறு யாரும் நடக்கத் தயாராக இல்லாததால் அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்டார்கள். செய்தி கேட்டு நடுவில் இருந்த கணவர், கொஞ்ச நாளைக்கு மொட்டை மாடியில் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

நாத்தனாரிடம் இருந்தது ஒரு நோட்டு, ஒரு பென்சில். யார் எங்கே நின்றார், யார் எதைத் தொட்டார், யார் முகம் சுளித்தார் என்று நிமிடத்துக்கு நிமிடம் எழுதுவது அவளுடைய வேலை. ஒரு மாதமாகத் தெருவில் வீடு வீடாக ஏறி, தண்ணீர் குறைந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டிருந்தாள். நீர் அலுவலகத்தைத் தவிர உலகத்தில் எல்லாரிடமும் சொல்வோம் என்று தெரு ஒருமனதாகப் பதில் சொல்லியிருந்தது.

"இதெல்லாம் எழுதி என்ன ஆகப்போகுது வாலு?" என்றார் பேராசிரியை, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே. "குழாய் கிட்டதான கேக்கணும், மனுஷங்க கிட்ட என்ன கேள்வி?"

"குழாய் பொய் சொல்லாது அண்ணி. அதான் எனக்கு அதுமேல ஆர்வமே இல்ல" என்றாள் நாத்தனார்.

ஸ்பேனர் கையைத் திருப்பி மணி பார்த்தார். "ஒன்பது ஆயிடுச்சு மேடம். ஆரம்பிச்சிடலாமா?"

சலவைக்கடை வாசலில் தரைக்குள் இருந்த வால்வு மூடியைத் திறந்து, ஸ்பேனர் முழங்காலிட்டு வில்லையை அழுத்தினார். பத்து விநாடி. பெட்டியில் சிவப்பு. தொண்ணூற்றாறு.

பேராசிரியை நின்ற இடத்திலேயே அரையடி எழும்பி இறங்கினார். மூன்று வருடத்து வேலை, முதல் தொடுகையிலேயே! கடப்பாரை கையைத் தூக்க, மண் தோண்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. பத்து நிமிடத்தில் தெருவின் எட்டாவது குழி தயார். உள்ளே குழாய் சுட்ட செங்கல் மாதிரி உலர்ந்து கிடந்தது.

"பக்கத்துல இருக்கும்" என்றார் பேராசிரியை.

பல் மருத்துவர் மாடிப்படிக்குக் கீழே தொண்ணூற்றேழு. ஒன்பதாவது குழி. உலர்ந்த மண். அதில் ஒரு மண்புழு மட்டும், இவர்கள் யார் என்று தலை தூக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

பேராசிரியை பெட்டியை இரண்டு தட்டு தட்டினார். சரிபார்ப்பதற்காக, தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாத விளக்குக் கம்பத்தில் வில்லையை வைக்கச் சொன்னார். ஸ்பேனர் வைத்தார். தொண்ணூற்றாறு.

அதிகாரி கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், கம்பத்துக்குள்ளதான் தண்ணி ஓடுதுன்னா, நான் இத்தன வருஷமா தப்பான எடத்துல தோண்டிக்கிட்டிருந்திருக்கேன். பெரியவங்க நீங்க, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மண் தோண்டும் இயந்திரத்தின் இரும்புக் கையில் தொண்ணூற்றேழு. அதற்குள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சலவைக்கடைக்காரர் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், இதையும் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. ரொம்ப நாளா சந்தேகம்."

ஸ்பேனர் மரியாதை தெரிந்தவர். கேட்டவரை ஏமாற்றக்கூடாது என்று அதிலும் வைத்தார். தொண்ணூற்றெட்டு.

"அப்ப சட்டையெல்லாம் நனையுறதுக்கு இதான் காரணமா!" என்றார் சலவைக்கடைக்காரர். வாயில் பஞ்சோடு மாடியிலிருந்து எட்டிப்பார்த்த பல் மருத்துவரின் நோயாளிகூடச் சிரித்தார். அது சுலபமில்லை.

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டு, குழியைச் சுற்றி நாடா கட்டப் போய்விட்டார். பேராசிரியை தானே வில்லையை எடுத்துக் கம்பத்தில் அழுத்தினார். பச்சை. மூன்று. சலவைக்கடை வால்வில் அழுத்தினார். பச்சை. நான்கு. அவருக்குச் சட்டென்று மூச்சு வந்தது. எங்கேயோ கம்பி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்! சலவைக்கடை மேசையில் பெட்டியைப் பிரித்துப் போட்டார். ஒரு மணி நேரம் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டினார். கம்பி எல்லாம் கச்சிதமாக இருந்தது. கடைசியில் ஒரு திருகாணி மிச்சம் வந்தது, அது அவருடைய மூக்குக்கண்ணாடியுடையது.

மணி பதினொன்றரை. கடப்பாரை ஒரு நாற்காலியை நடுத்தெருவில் போட்டு, நான்கு மணிக்காக வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

நாத்தனார் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

நோட்டை விரித்தாள். பக்கம் முழுவதும் கோடு போட்டு நேரம், இடம், யார் கை, என்ன நிறம் என்று எழுதியிருந்தது. "ஸ்பேனர் அண்ணன் பதினோரு தடவ வச்சாரு. பதினொண்ணும் சிவப்பு. நீங்க அஞ்சு தடவ வச்சீங்க. அஞ்சும் பச்சை. ஒரே கம்பம், ஒரே வால்வு."

"அதனால?"

"பெட்டி தண்ணியக் கண்டுபிடிக்கல அண்ணி. இவரக் கண்டுபிடிக்குது."

பேராசிரியை நோட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று வருடம் அவருடைய கண் முன்னால் வரிசையாக ஓடிற்று.

பெட்டிக்கு ஒழுகல் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க நாலாயிரத்து இருநூறு ஒலிப்பதிவுகள் போட்டிருந்தார்கள். பாதி ஒழுகுகிற குழாயில் எடுத்தவை, பாதி ஒழுகாத குழாயில் எடுத்தவை. இரண்டையும் கேட்டுக் கேட்டு, எது எதனால் வேறு என்று பெட்டி தானாகப் புரிந்துகொள்ளவேண்டும். ஆனால் அந்த ஆய்வகத்தில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது: நனைகிற வேலை ஸ்பேனருக்கு, நனையாத வேலை மாணவர்களுக்கு. ஒழுகுகிற குழாயில் முழங்கால்வரை தண்ணீரில் நின்று வில்லையைப் பிடித்தது அத்தனையும் ஸ்பேனர். உலர்ந்த குழாயில் பிடித்தது அத்தனையும் காலணி நனையக் கூடாத மாணவர்கள். சோதனை வைத்தபோதும் அதே வழக்கம். தொண்ணூற்றொன்பது வராமல் என்ன செய்யும்?

"துறைத்தலைவர் வயிறு..." என்றார் பேராசிரியை மெதுவாக.

"அன்னிக்கு நான்தான் வில்லையப் பிடிச்சிருந்தேன் மேடம்" என்றார் ஸ்பேனர். "அவரு சாப்பிடப் போன நேரம்தான் நானும் சாப்பிடப் போனேன்."

துறைத்தலைவரின் வயிறு குற்றமற்றது என்று அந்த நிமிடத்தில் நிரூபணமாயிற்று. ஆனால் ஸ்பேனரிடம் அப்படி என்ன இருக்கிறது?

நடுத்தெருவில் விசாரணை தொடங்கியது. ஸ்பேனர் கம்பத்தில் வில்லையைப் பிடித்தபடி நிற்க, நாத்தனார் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னாள். காலணி போயிற்று, சிவப்பு. சாவிக்கொத்து போயிற்று, சிவப்பு. சட்டைப்பையிலிருந்து மூன்று ஸ்பேனர், ஒரு பழைய பல்பு, பாதி பிஸ்கட் எல்லாம் போயிற்று, அப்போதும் சிவப்பு. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். முகமும் சிவப்பு, பெட்டியும் சிவப்பு.

"இதுக்கு மேல கழட்டணும்னா வீட்ல ஒரு வார்த்த கேக்கணும்" என்றார் ஸ்பேனர்.

"கையில என்ன?" என்றாள் நாத்தனார்.

வில்லையை அழுத்துகிற வலது கையில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. கல்யாணத்தன்று மாமனார் கட்டிவிட்டது. சாவி கொடுக்கிற ரகம், சின்னத் தட்டு அளவு. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பெரியவர் முதலில் விசாரிப்பது இதைத்தான். இருபத்தாறு வருடம் அது டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்ததில் ஆய்வகத்து ஆட்கள் எல்லாருக்கும் காது பழகிவிட்டது. பழகாத காது ஒன்றே ஒன்றுதான், அது பெட்டியின் காது.

ஸ்பேனர் கடிகாரத்தைக் கழற்றினார். மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. வில்லையை வைத்தார். பச்சை. இரண்டு.

பேராசிரியை கடிகாரத்தை எடுத்து, நேராக வில்லையின் மேலேயே வைத்தார்.

நூறு. பெட்டி அதுவரை நூறு காட்டியதே இல்லை. தேடிக்கொண்டிருந்த சொந்தக்காரரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டதுபோல விளக்கு சும்மா பளபளவென்று எரிந்தது.

"மூணு வருஷம்" என்றார் அதிகாரி நாற்காலியிலிருந்து, "ஒரு கடிகாரம் ஓடுதா இல்லையான்னு கண்டுபிடிக்கவா? பாத்தாலே தெரியுமே."

தெரு சிரித்தது. வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் போயிருப்பார்கள். பேராசிரியை போகவில்லை. அவருடைய கால் தரையில் நிற்கவில்லை. கன்னம் இரண்டும் ஜிவ்வென்று சிவந்திருந்தன. பெட்டியிடம் கோளாறில்லை! அது கெட்டிக்காரப் பிள்ளை. பாடத்தில்தான் தப்பு. கடிகாரம் அடித்தாலும் ஒழுகல் இல்லை என்று அதற்குப் புரியவைத்துவிட்டால், அப்புறம் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடித்தானே ஆகவேண்டும்?

"வாலு! கடிகாரச் சத்தமும் இருக்கணும், ஒழுகலும் இருக்கக்கூடாது. அப்படிப் பதிவு ஐந்நூறு வேணும். ஒழுகவே இல்லன்னு நிச்சயமா தெரிஞ்ச குழாய் வேணும். இந்தத் தெருவுல எதை நம்பறது? எது ஒழுகுது, எது ஒழுகலன்னு யாருக்கும் தெரி..."

பாதியில் நிறுத்தினார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே சமயத்தில் திரும்பி அதிகாரியைப் பார்த்தார்கள். குடும்ப வரலாற்றிலேயே அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தை நினைத்தது அதுதான் முதல் தடவை.

"என்ன என்னைப் பாக்கறீங்க?" என்றார் அதிகாரி.

"சார்" என்றார் பேராசிரியை, "ஒழுகலன்னு தோண்டியே பாத்து நிரூபிச்ச குழாய் ஒன்பது, உங்ககிட்ட இருக்கு. உலகத்துல எந்த ஆய்வகத்துலயும் இப்படி ஒரு சொத்து கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் ஒன்பது இடத்துல வீணாத் தோண்ட எந்த ஜென்மத்துல அனுமதி கொடுக்கும்?"

தோண்டியதற்காக அதிகாரியை யாரும் புகழ்ந்ததில்லை. அவர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "நான் எதையும் ஒரு காரணத்தோடதான் செய்வேன்" என்றார். "சில சமயம் காரணம் கொஞ்சம் லேட்டா வரும்."

அதன் பிறகு நடந்ததை அந்தத் தெரு இன்றைக்கும் விதவிதமாகச் சொல்லும். ஸ்பேனர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு முதல் குழியில் இறங்கினார். உலர்ந்த குழாயில் வில்லையை அழுத்தினார், பத்து விநாடி, எடுத்தார், மறுபடி அழுத்தினார். ஐம்பது பதிவு ஆனதும் ஏணி வழியாக ஏறி அடுத்த குழி. அதிகாரியே கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "இந்தக் கடிகாரம் மட்டும் பத்தாதே அண்ணி. நாளைக்கு வேற ஒருத்தர் கடிகாரம் கட்டிக்கிட்டு வந்தா?" என்றாள் நாத்தனார். சொல்லி வாய் மூடவில்லை, தெருவே வீட்டுக்குள் ஓடிற்று. சமையலறைக் கடிகாரம், அலாரம் கடிகாரம், ஒருவர் தூக்கமாட்டாமல் தூக்கி வந்த சுவர்க் கடிகாரம். பல் மருத்துவர் நாற்காலியில் ஆளை வாய் திறந்தபடி விட்டுவிட்டு, நிமிடத்தை எண்ணும் சிறிய கருவியோடு இறங்கி வந்தார். நாத்தனார் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாள். வரிசையில் நிற்கிறவரிடம், தண்ணீர்பற்றி வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நிற்கிற மனிதரிடம் கேள்வி கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

இரண்டு மணிக்குப் பதிவுகள் முடிந்தன. சலவைக்கடை மேசையில் மடிக்கணினி. மின்சாரம் போதாமல் பல் மருத்துவரின் மாடியிலிருந்து கம்பி இழுத்தார்கள். கணினி புதுப் பதிவுகளையும் பழைய நாலாயிரத்து இருநூறையும் சேர்த்து ஆரம்பத்திலிருந்து மறுபடி கேட்கத் தொடங்கியது. திரையில் ஒரு கோடு நத்தைபோல ஊர்ந்தது. தெருவே கழுத்தை நீட்டிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தது. பத்து சதவீதம், முப்பது, அறுபது. தொண்ணூறில் கோடு நின்றுவிட்டது. யாரும் தும்மக்கூட இல்லை. பிறகு எதுவுமே நடக்காததுபோல நூறுக்குப் போயிற்று.

மணி மூன்று பத்து.

ஸ்பேனர் கடிகாரத்தோடு போய்க் கம்பத்தில் வில்லையை வைத்தார்.

பச்சை. நான்கு.

தெரு போட்ட சத்தத்தில் விளக்குக் கம்பம் பகலிலேயே ஒரு தடவை எரிந்து அணைந்தது. இஸ்திரிப் பெட்டியையும் வைத்துப் பார்த்தார்கள். பச்சை. சலவைக்கடைக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"கொண்டாட்டம் அப்புறம்" என்றார் பேராசிரியை. "இனிமேதான் நிஜமான பரீட்சை."

ஓட்டமும் நடையுமாக ஒவ்வொரு வால்வாகப் போனார்கள். ஆறு. மூன்று. ஒன்பது. பன்னிரண்டு. மூன்று இருபத்தைந்து ஆயிற்று. பதினெட்டு. இருபத்தேழு. பெட்டி எதையோ மோப்பம் பிடித்துவிட்டது! பேராசிரியை வேகமாக நடந்தார், பிறகு ஓடினார், பின்னால் தெரு ஓடிற்று. அச்சகத்தின் பக்கச் சுவரையொட்டித் தரையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டில் ஸ்பேனர் வில்லையை வைத்தார்.

சிவப்பு. தொண்ணூற்றொன்று.

கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வைத்தார். தொண்ணூற்றொன்று. பேராசிரியை வைத்தார். தொண்ணூற்றொன்று. அதிகாரியே வைத்தார். தொண்ணூற்றிரண்டு.

அதிகாரி வரைபடத்தை விரித்தார். விரலை வைத்துத் தேடினார். முகம் இறங்கிப்போயிற்று. "மேடம், மனசு கஷ்டமா இருக்கு. ஆனா இங்க குழாயே இல்ல. படத்துல இந்த எடம் சுத்த மண்."

மணி மூன்று முப்பத்தெட்டு. சுவர் ஓரம் என்பதால் இயந்திரம் வரமுடியாது, கையால் தோண்டவேண்டும். ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. காலையில் விளக்குக் கம்பத்தில் தண்ணீர் ஓடுகிறது என்று சத்தியம் செய்த பெட்டியை நம்பி, படத்தில் இல்லாத குழாயைத் தோண்டச் சொல்வதா? பேராசிரியைக்குப் பதினான்காம் தட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அதில் சீட்டுகூட நேராக ஒட்டப்பட்டிருந்தது.

நாத்தனார் நோட்டைப் பரபரவென்று புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி இருந்தது, தலைப்பு 'மற்றவை'. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஆட்கள் புலம்பியதை எல்லாம் அதில்தான் போட்டுவைப்பாள்.

"அச்சகத்தம்மா! நீங்க வரிசையில நிக்கும்போது என்கிட்ட என்ன சொன்னீங்க? காகிதத்தப் பத்தி?"

அச்சகம் நடத்துகிற அம்மா முன்னால் வந்தார். விரலெல்லாம் மை. "அதுவா? அது தண்ணி விஷயம் இல்லம்மா. கடைக்குள்ள இந்த மூலையில அடுக்கி வச்சா மட்டும் காகிதம் ஓரத்துல சுருண்டுக்குது. காகிதக்காரனதான் திட்டிக்கிட்டிருக்கேன்."

"எத்தன நாளா?"

"ஒரு பத்து வாரம் இருக்கும்."

அவர் காட்டிய மூலை, அந்தச் சுவருக்கு நேர் உள்பக்கம்.

பெட்டி கேட்டதையும் நாத்தனார் கேட்டதையும் பேராசிரியை மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குழாயும் பொய் சொல்லவில்லை, மனுஷியும் பொய் சொல்லவில்லை. படம்தான் பொய் சொல்கிறது.

"தோண்டுங்க சார்" என்றார்.

அதிகாரி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பட்டப்பெயருக்குக் காரணமான கடப்பாரையைத் தானே எடுத்தார். ஸ்பேனர் கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார். மண் முதல் அடியில் உலர்ந்திருந்தது, இரண்டாம் அடியில் கறுத்தது, மூன்றாம் அடியில் கொழகொழவென்று ஒட்டியது. நான்கு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கடப்பாரை ஏதோ இரும்பில் 'டங்' என்று இடித்தது.

தண்ணீர் வந்த வேகம் இருக்கிறதே! அதிகாரியின் தொப்பி கிளம்பிப்போய் ஐந்தாம் மாடித் துணிக்கொடியில் உட்கார்ந்துகொண்டது. ஸ்பேனர் குழியிலிருந்து ஏறவேண்டிய அவசியமே இருக்கவில்லை, தண்ணீரே அவரைத் தூக்கிக்கொண்டு வந்து சலவைக்கடை வாசலில் பத்திரமாக வைத்தது. எப்போதோ கைவிட்டு, படத்திலிருந்தும் அழித்துவிட்டு, அடைக்க மட்டும் மறந்துபோன ஒரு கிளைக்குழாய் அது. தெருவில் பெரியவர்கள், படித்தவர்கள், வாயில் பஞ்சு வைத்தவர்கள் எல்லாரும் நனைந்துகொண்டு குதித்தார்கள். அண்ணி நாத்தனாரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். நோட்டு நனைந்துவிடாமல் நாத்தனார் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். வால்வை மூடி, ஒழுகலை அடைத்து, மறுபடி திறந்ததும், மூன்றாம் மாடிக்காரர் நிறைந்த வாளியோடும் பாதிச் சவரத்தோடும் ஜன்னலில் வந்து நின்றார்.

"எத்தன பெட்டி செய்ய முடியும் மேடம்?" என்றார் அதிகாரி, சொட்டச் சொட்ட.

"எத்தன தெரு இருக்கு சார்?"

"ஒரே ஒரு நிபந்தனை. கடைசில தோண்டறது நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள், ஸ்பேனரைத் தவிர. அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நடந்து வந்து, பெட்டியின் வில்லையில் அதை வைத்தார். பச்சை. பூஜ்யம். கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பியது, முள் இரண்டும் நான்கு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போதே நின்றுவிட்டிருந்தன.

"மாமாவுக்குச் சொல்லணும்" என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். தனியாகக் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"மாமா, நான்தான். கடிகாரம் நின்னுபோச்சு."



"எப்படி?"

"தண்ணியில."

"கை கழுவும்போது கழட்டி வைன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

பேராசிரியை போனை வாங்கிக்கொண்டார். "ஐயா, வணக்கம். நான் பல்கலைக்கழகத்துலேர்ந்து பேசறேன். உங்க கடிகாரத்த வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு. எங்க இயந்திரம் மூணு வருஷமா உங்க கடிகாரத்தத் தவிர வேற எதையுமே கேக்கல."

"வேற எதையுமேவா?"

"எதையுமே."

போனில் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது தெருவுக்கே கேட்டது. "அது அப்படிப்பட்ட கடிகாரம்மா" என்றார். "மாப்பிள்ளகிட்ட அன்னிக்கே சொன்னேன். இயந்திரத்துக்குப் புரியுது, இவருக்குப் புரியல."

"ரொம்ப நன்றிங்க ஐயா."

"நன்றியெல்லாம் எதுக்கு? வீட்ல இன்னொண்ணு இருக்கு. ஆள் உயரத்துக்கு நிக்கும், மணி அடிச்சா பக்கத்துத் தெருவுல ஆள் எழுந்திரிச்சு உக்காந்துடுவான். அனுப்பட்டுமா?"

ஸ்பேனர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். பேராசிரியை நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் ஏற்கனவே நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"அனுப்புங்க ஐயா" என்றார் பேராசிரியை. "நாளைக்கே வேணும்."